இளம் விளையாட்டு வீரர்களும் மனோதிடமும்

பள்ளி விளையாட்டு விழாக்களை நடத்திப் பழகிய ஆசிரியர்கள் யாவரும் அறிந்த அனுபவம் ஒன்று உண்டு. பயிற்சி நாட்களில் எல்லோரையும் முந்தி ஓடிய மாணவன், மாவட்டப் போட்டியன்று தொடக்கக் கோட்டில் நின்றதுமே முகம் வெளிறி, கால் தளர்ந்து, நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ ஓடி முடிக்கிறான். அதே மைதானத்தில், பயிற்சியின்போது யாருடைய கவனத்தையும் கவராத மாணவி ஒருத்தி, கூட்டத்தைக் கண்டதும் உற்சாகம் பெற்று, அதுவரை தாண்டாத உயரத்தைத் தாண்டிவிடுகிறாள். ஒரே இரவில் இவ்விருவருடைய தசைகளும் மாறிவிடவில்லை. அவர்களுடைய மனநிலையே மாறியது.

இவ்வேறுபாட்டுக்கு நம்மிடையே இரண்டு விளக்கங்கள் வழங்கிவருகின்றன. மனோதிடம் சிலருக்குப் பிறவியிலேயே அமைவது, மற்றவர்களுக்கு அதை ஊட்ட இயலாது என்பது ஒன்று. கண்டிப்பினாலும் ஏச்சினாலுமே மனம் உறுதிப்படும் என்பது மற்றொன்று. இவ்விரு கருத்துகளுக்கும் விஞ்ஞான ஆதாரம் இல்லை. நூறாண்டுகளுக்கும் மேலாக நடைபெற்றுவரும் ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கினால், மனோதிடமும் நீச்சலைப் போலவும் ஓட்டத்தைப் போலவும் படிப்படியாகக் கற்பிக்கத்தக்க ஒரு திறமையே என்பது தெளிவாகிறது. அதைக் கற்பிப்பதற்குரிய முதன்மையான கருவி, பயிற்றுவிப்பவர் நாள்தோறும் மாணவரிடம் நடந்துகொள்ளும் முறையாகும். இவ்வுண்மையைத் திருவனந்தபுரத்தில் பயின்ற ஒரு வீரரின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

திருவனந்தபுரத்தின் எடுத்துக்காட்டு

கேரளத்தின் விளையாட்டு வளர்ச்சியில் திருவனந்தபுரத்திற்குத் தனியிடம் உண்டு. பூஞ்ஞாறு அரச குடும்பத்தில் 1908-ஆம் ஆண்டில் பிறந்த கர்னல் கோதவர்ம ராஜா, மாநில விளையாட்டுக் கவுன்சிலின் முதல் தலைவராக இருந்து, விளையாட்டுகளை ஊர்தோறும் பரப்ப உழைத்தவர். 1971-ஆம் ஆண்டில் விமான விபத்தொன்றில் அவர் காலமானார். அவர் பிறந்த அக்டோபர் 13-ஆம் நாள் கேரளத்தில் விளையாட்டு நாளாகப் போற்றப்படுகிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் அருவிக்கரைக்கு அருகிலுள்ள மைலத்தில் அவர் பெயரால் ஜி. வி. ராஜா விளையாட்டுப் பள்ளி நடைபெற்றுவருகிறது. உடற்கல்வி ஆசிரியர்களைத் தயாரிக்கும் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி, நகரை அடுத்த காரியவட்டத்தில் 1985-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது.

எர்ணாகுளம் மாவட்டத்துக் கிழக்கம்பலம் என்னும் ஊரில் உழவர் குடும்பமொன்றில் பிறந்த பி. ஆர். ஸ்ரீஜேஷ், தமது 12-ஆவது வயதில் வீட்டை விட்டு வந்து ஜி. வி. ராஜா பள்ளி விடுதியில் சேர்ந்தார். அதற்கு முன் குண்டு எறிதல், நீளம் தாண்டுதல், வாலிபால் ஆகியவற்றில் ஈடுபட்டிருந்த அச்சிறுவரை ஹாக்கிக்குத் திருப்பியவர்களும், கோல் காப்பாளராக நிற்கச் செய்தவர்களும் அப்பள்ளியின் பயிற்சியாளர்களே.

பிற்காலத்தில் அவர் அடைந்த வெற்றிகள் பலரும் அறிந்தவை. 2014-ஆம் ஆண்டில் இஞ்சியோனில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில், பாகிஸ்தானுக்கு எதிரான பெனால்டி ஷூட்-அவுட்டில் பந்துகளைத் தடுத்து இந்தியாவுக்குத் தங்கம் கிடைக்கச் செய்தார். 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் டோக்கியோவில், 5-க்கு 4 என்று இந்தியா முன்னணியில் இருந்தபோது, ஆட்டம் முடியச் சில விநாடிகளே எஞ்சியிருந்த நிலையில் ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரை அவர் தடுத்தார். 1980-க்குப் பிறகு ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா பெற்ற முதற் பதக்கம் அது.

மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியவை இவ்வெற்றிகள் மட்டுமல்ல. இவற்றுக்கு இடையே நிகழ்ந்தவையும் ஆகும். 2012-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஸ்ரீஜேஷ் இடம்பெற்றிருந்த இந்திய அணி, ஆடிய ஆட்டங்கள் அனைத்திலும் தோற்றுப் பன்னிரண்டாவது இடத்தை, அதாவது கடைசி இடத்தை, அடைந்தது. 2016-ஆம் ஆண்டில் அவர் தலைமையில் ரியோவுக்குச் சென்ற அணி கால் இறுதியில் பெல்ஜியத்திடம் தோற்றது. 2017-ஆம் ஆண்டில் முழங்காலில் ஏற்பட்ட கடுமையான காயம் அவரைப் பல மாதங்கள் ஆட்டத்தினின்று விலக்கிவைத்தது. டோக்கியோவில் அவர் தடுத்த அந்த ஒரு பந்துக்குப் பின்னால் இத்தனை ஆண்டுகளின் தோல்வியும் காத்திருத்தலும் இருந்தன.

கோல் காப்பாளரின் பணியே மனோதிடத்தை விளக்க ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். முன்வரிசை ஆட்டக்காரர் பத்து முறை தவறினாலும் ஒரு முறை கோல் அடித்தால் பாராட்டப் பெறுகிறார். கோல் காப்பாளரோ பத்துப் பந்துகளைத் தடுத்துப் பதினொன்றாவதை விட்டுவிட்டால் அந்த ஒன்றே பேசப்படுகிறது. பந்து வலைக்குள் சென்ற அடுத்த நிமிடத்திலேயே அவர் மறுபடியும் முழுக் கவனத்துடன் நிற்கவேண்டும். நடந்துவிட்டதை மனத்தினின்று விலக்கி, நடக்கப்போவதில் கருத்தைச் செலுத்தும் இவ்வாற்றலே மனோதிடத்தின் உட்பொருள் எனலாம்.

போட்டியின்போது உடலில் நிகழ்வது என்ன?

போட்டி நெருங்கும்போது மூளை அதனை ஓர் அபாயமாகவோ சவாலாகவோ கருதி உடலை ஆயத்தப்படுத்துகிறது. சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள சுரப்பிகள் அட்ரினலினையும் கார்ட்டிசோலையும் இரத்தத்தில் கலக்கச் செய்கின்றன. இதயத் துடிப்பு மிகுகிறது, மூச்சு விரைவாகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிற்றில் ஒருவகைக் கலக்கம் தோன்றுகிறது. இவை நோயின் அறிகுறிகள் அல்ல. தசைகளுக்கு அதிக இரத்தம் செல்வதற்கு உடல் செய்துகொள்ளும் ஏற்பாடுகள். மாணவருக்கு இதனை முன்கூட்டியே விளக்கிச் சொல்லாவிட்டால், தமது நெஞ்சு படபடப்பதைக் கண்டே அவர் மேலும் அஞ்சத் தொடங்குகிறார்.

இத்தூண்டுதல் எந்த அளவுக்கு நன்மை பயக்கும் என்பதைப் பற்றி யெர்க்கீஸ், டாட்சன் என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகள் 1908-ஆம் ஆண்டில் சுண்டெலிகளைக் கொண்டு நடத்திய சோதனை இன்றும் நினைவுகூரப்படுகிறது. எளிய வேலையைக் கற்கும்போது வலுவான தூண்டுதல் தீங்கு செய்யவில்லை. வேலை கடினமாக ஆக ஆக, மிதமான தூண்டுதலே சிறந்த பலனைத் தந்தது. சுண்டெலியிடம் கண்டதை அப்படியே மனிதனுக்குப் பொருத்துவது சரியாகாது. எனினும் களத்தில் நாம் காண்பதும் இதனோடு ஒத்தே இருக்கிறது. கயிறு இழுக்கும் மாணவனுக்கு ஆரவாரம் துணை செய்யும். துப்பாக்கி சுடும் மாணவிக்கோ ஹாக்கிப் பந்தைத் தடுக்கும் காப்பாளருக்கோ அதே ஆரவாரம் இடையூறாகலாம்.

எல்லாக் குழந்தைகளும் போட்டியை ஒரே வகையில் ஏற்பதில்லை என்பதை இதற்கும் முன்பே நார்மன் டிரிப்லெட் என்பவர் கண்டறிந்தார். மீன் தூண்டிலின் கயிற்றைச் சுற்றும் உருளையைக் கைப்பிடியால் வேகமாகச் சுழற்றும்படி அவர் 40 குழந்தைகளுக்குக் கூறி, தனியாகச் சுழற்றும் வேகத்தையும் மற்றொரு குழந்தையுடன் போட்டியிட்டுச் சுழற்றும் வேகத்தையும் அளந்தார். 1898-ஆம் ஆண்டில் வெளியான அவரது முடிவுகளின்படி, போட்டியில் 20 குழந்தைகள் வேகம் பெற்றனர். 10 பேர் வேகம் குறைந்தனர். மற்ற 10 பேரிடம் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. விளையாட்டு மனோதத்துவத்தின் முதற் சோதனைகளுள் ஒன்றாகக் கருதப்படும் இது, ஆசிரியருக்கு நேரடியான பாடம் ஒன்றை அளிக்கிறது. ஒரே அறிவுரையை வகுப்பு முழுவதற்கும் கூறுவதனால் பயனில்லை. இன்ன மாணவர் போட்டியில் மலர்கிறார், இன்னவர் சுருங்குகிறார் என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வதே முதல் வேலை.

பழகிய செயல் தடுமாறுவது ஏன்?

நன்கு பழகிய செயலை நாம் எண்ணிப் பார்த்துச் செய்வதில்லை. சைக்கிள் ஓட்டுகிறவர் தமது காலின் ஒவ்வோர் அசைவையும் கவனிக்கத் தொடங்கினால் தடுமாறுவார். போட்டியின் நெருக்கடியில் இதுவே நிகழ்கிறது. தவறிவிடக்கூடாதே என்ற கவலையினால், தானாக நடக்கவேண்டிய செயலின் ஒவ்வோர் அங்கத்தையும் வீரர் கண்காணிக்க முற்படுகிறார். செயலின் ஒழுங்கு சிதைகிறது. மற்றொரு வகையில், தோற்றால் பிறர் என்ன சொல்வர் என்ற எண்ணமே மனத்தை நிரப்பி, ஆட்டத்திற்குரிய கவனத்தைப் பறித்துக்கொள்வதும் உண்டு.

சியான் பைலாக், தாமஸ் கார் ஆகிய இரு ஆராய்ச்சியாளர்கள் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனைகளில், கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளும் பயிற்சியைப் பலருக்கு அளித்தனர். அவர்களுள் ஒரு பிரிவினர் தொடக்கத்திலிருந்தே படக்கருவியின் முன்னிலையில், தம்மை நிபுணர்கள் பார்க்கப்போகிறார்கள் என்ற உணர்வுடன் பழகினர். பின்னர் நெருக்கடி ஏற்படுத்தப்பட்டபோது, இப்பிரிவினர் மற்றவர்களைப் போலத் தடுமாறவில்லை. அம்மை குத்துவதைப் போலச் சிறு அளவில் நெருக்கடியைப் பழக்கிவிட்டால், பெரிய நெருக்கடி வரும்போது மனம் அதை ஏற்கும் என்பது இதனால் பெறப்படுகிறது.

கற்பிக்கத்தக்க ஐந்து பழக்கங்கள்

மேற்கூறிய ஆராய்ச்சிகளிலிருந்து, செலவோ கருவியோ இன்றி எந்தக் கிராமப் பள்ளியிலும் கற்பிக்கக்கூடிய சில பழக்கங்கள் கிடைக்கின்றன.

முதலாவது, மூச்சுப் பயிற்சி. நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளிவிட்டால், நிமிடத்திற்கு ஏறக்குறைய ஆறு மூச்சுகள் ஆகும். இவ்வேகத்தில் மூச்சு விடும்போது, இதயத்தை அமைதிப்படுத்தும் நரம்பின் செயல் மேலோங்குகிறது. நாள்தோறும் பயிற்சி தொடங்கும் முன் ஐந்து நிமிடங்கள் இதைச் செய்து பழகிய மாணவருக்கே போட்டியன்று இது கைகொடுக்கும். அன்று மட்டும் சொல்லிக்கொடுப்பதால் பலன் சிறிதே.

இரண்டாவது, மாறாத முன்னேற்பாடு. பந்தை எறியுமுன் அல்லது தொடக்கக் கோட்டில் நிற்குமுன், ஒரே வரிசையில் மூன்று நான்கு சிறு செயல்களைச் செய்யும் பழக்கம் இது. காலணிக் கயிற்றைச் சரிபார்த்தல், ஒரு முறை ஆழ்ந்து மூச்சு விடுதல், இலக்கை நோக்குதல், தமக்குள் ஒரு சொல்லைக் கூறிக்கொள்ளுதல் என்று அவ்வரிசை அமையலாம். மைதானம் புதிதானாலும் இவ்வரிசை பழகியதாகையால் மனம் அதைப் பற்றிக்கொண்டு நிலைபெறுகிறது.

மூன்றாவது, மனத்தால் ஆடிப்பார்த்தல். கண்களை மூடி, தாம் செய்யவேண்டிய தாண்டுதலையோ எறிதலையோ தொடக்கம் முதல் முடிவு வரை மனத்தில் காண்பது. ஃபெல்ட்ஸ், லாண்டர்ஸ் என்போர் இத்துறையில் வெளியான பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1983-ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது, ஒன்றும் செய்யாதிருப்பதைவிட இவ்வகைப் பயிற்சி பயன் தருவதாகக் கண்டனர். உடற்பயிற்சிக்கு இது ஈடாகாது. ஆயினும் மழைக்காலத்தில் மைதானம் நீர் நிறைந்து கிடக்கும் நாட்களிலும், காயமுற்ற மாணவர் ஓய்வில் இருக்கும்போதும் இது மிகவும் உதவும்.

நான்காவது, தமக்குத் தாமே கூறிக்கொள்ளும் சொல். “எனக்குப் பயமாக இருக்கிறது” என்பதற்குப் பதிலாக “எனக்கு உற்சாகமாக இருக்கிறது” என்று கூறிக்கொண்டவர்கள், பாடுதல், மேடைப் பேச்சு, கணக்கு ஆகியவற்றில் மேம்பட்டு விளங்கினர் என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்டார். படபடப்பை அடக்க முயல்வதைக் காட்டிலும், அதற்கு வேறொரு பொருள் கொடுப்பது எளிது என்பது இதன் கருத்து.

ஐந்தாவது, நெருக்கடியைச் சிறிது சிறிதாகப் பழக்குதல். வாரம் ஒரு நாள் வகுப்பு மாணவர்களைச் சுற்றி நிற்கச் செய்து ஓட விடலாம். பக்கத்துப் பள்ளிக் குழுவை அழைக்கலாம். இரண்டு கோல் பின்தங்கியிருப்பதாக வைத்துக்கொண்டு கடைசிப் பத்து நிமிடங்களை ஆடச் சொல்லலாம். நடுவரின் தவறான தீர்ப்பையும் வேண்டுமென்றே புகுத்திப் பார்க்கலாம். ஆனால் இவற்றில் தோற்றவரை நகையாடக்கூடாது. நகையாடினால் பயிற்சியின் நோக்கமே கெட்டுவிடும்.

தோல்விக்குப் பின் எழுதல்

மேற்கூறியவை ஆட்டத்திற்கு முன்னும் ஆட்டத்திலும் பயன்படுபவை. ஆட்டம் முடிந்த பின் தோல்வியை ஏற்பதற்கும் பழக்கம் வேண்டும். கேரளத்துப் பய்யோலியைச் சேர்ந்த பி. டி. உஷா, 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தின் அரை இறுதியில் முதலாவதாக வந்தார். ஆகஸ்ட் 8-ஆம் நாள் நடைபெற்ற இறுதி ஓட்டத்தில் அவர் 55.42 விநாடிகளில் ஓடினார். மூன்றாவதாக வந்த ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41 விநாடி. ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கில் பதக்கம் கைநழுவியது. அப்போது அவருக்கு வயது இருபதே. அவரும் அவருடைய பயிற்சியாளர் ஓ. எம். நம்பியாரும் திரும்பி வந்து வழக்கமான பயிற்சியைத் தொடர்ந்தனர். மறு ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் உஷா ஐந்து தங்கப் பதக்கங்களையும் ஒரு வெண்கலப் பதக்கத்தையும் பெற்றார்.

இதனையொத்த மற்றொரு வரலாறு சென்னையைச் சேர்ந்த டி. குகேஷுடையது. 2024-ஆம் ஆண்டின் இறுதியில் சிங்கப்பூரில் நடைபெற்ற உலகச் சதுரங்கப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே, 18 வயதான அவர், வெள்ளைக் காய்களுடன் ஆடியும், சீனாவின் டிங் லிரெனிடம் தோற்றார். மூன்றாவது ஆட்டத்தில் வென்று சமன் செய்தார். பதினோராவது ஆட்டத்தில் வென்று முன்னணி பெற்றவர் பன்னிரண்டாவது ஆட்டத்தில் அதை இழந்தார். டிசம்பர் 12-ஆம் நாள் பதினான்காவது ஆட்டத்தில் வென்று உலகச் சாம்பியன் ஆனார். இப்போட்டிக்கு அவர் ஆயத்தமானபோது மனப் பயிற்சியாளர் பேடி அப்டனின் துணையைப் பெற்றிருந்தார். இந்திய ஹாக்கி அணிக்கும் 2023 முதல் உதவி வந்தவர் அவரே. அவ்வணி 2024 ஆகஸ்ட் 4-ஆம் நாள் பாரிஸ் ஒலிம்பிக் கால் இறுதியில், ஒரு வீரர் சிவப்பு அட்டை பெற்று வெளியேற்றப்பட்டமையால், ஆட்டத்தின் பெரும்பகுதியைப் பத்துப் பேருடன் ஆடி, 1-க்கு 1 என்று சமநிலையில் முடித்து, ஷூட்-அவுட்டில் பிரிட்டனை வென்றது. நான்கு நாட்களுக்குப் பின் ஸ்பெயினை வென்று வெண்கலம் பெற்றதும் ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப் பின் ஸ்ரீஜேஷ் இந்திய இளையோர் அணிக்குப் பயிற்சியாளரானார். 2025-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்ற இளையோர் உலகக் கோப்பையில், அவ்வணி அரை இறுதியில் ஜெர்மனியிடம் 1-க்கு 5 என்று பெருந்தோல்வி கண்டது. சில நாட்களிலேயே மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்தும், கடைசிப் பகுதியில் நான்கு கோல்கள் அடித்து வென்றது. தோல்வியிலிருந்து மீளும் ஆற்றல் ஒரு தலைமுறையினின்று அடுத்த தலைமுறைக்குப் பயிற்சியின் வழியே சென்று சேரக்கூடியது என்பதற்கு இது சான்றாகும்.

ஆசிரியர் கூறும் சொல்லின் பயன்

இளம் வீரர் தவறு செய்த அடுத்த விநாடியில் நோக்குவது பந்தையல்ல, ஆசிரியரின் முகத்தையே. அவ்விநாடியில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பது அக்குழந்தையின் மனத்தில் ஆழப் பதிகிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்டு ஸ்மித், ஃபிராங்க் ஸ்மால் ஆகியோர் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களை வைத்து இதனை ஆராய்ந்தனர். முயற்சியைப் பாராட்டுதல், தவறுக்குப் பின் ஊக்கமளித்தல், திருத்தத்தைத் தெளிவாகச் சொல்லுதல், தண்டனையைத் தவிர்த்தல் ஆகியவற்றைச் சில பயிற்சியாளர்களுக்கு மட்டும் கற்பித்தனர். 1979-ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, அவர்களிடம் பயின்ற சிறுவர்கள் ஆட்டத்தையும் தோழர்களையும் அதிகமாக விரும்பினர். தாழ்வு மனப்பான்மை கொண்டிருந்த சிறுவர்கள் தன்மதிப்பில் உயர்ந்தனர். 1992-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், இக்கல்வி பெறாத பயிற்சியாளர்களிடம் ஆடிய சிறுவர்களில் நூற்றுக்கு 26 பேர் அடுத்த பருவத்தில் ஆட்டத்தை விட்டுவிட்டனர். கல்வி பெற்றவர்களிடம் ஆடியவர்களில் நூற்றுக்கு 5 பேரே விட்டனர். கண்டிப்பினால் திடமாக்க எண்ணும்போது எத்தனை குழந்தைகளை நாம் மைதானத்திலிருந்தே இழக்கிறோம் என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

பாராட்டிலும் வகை உண்டு. கிளாடியா மியூலர், கரோல் டுவெக் ஆகியோர் 1998-ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனைகளில், ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் புதிர்களைச் செய்து முடித்ததும், ஒரு சாராரை “நீ கெட்டிக்காரன்” என்றும், மற்றொரு சாராரை “நன்றாக உழைத்தாய்” என்றும் பாராட்டினர். பின்னர் கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோல்வியைச் சுவைக்கச் செய்து, மறுபடியும் எளிய புதிர்களைக் கொடுத்தனர். உழைப்புக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் முன்னைவிட மேம்பட்டனர். அறிவுக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் முன்னைவிடத் தாழ்ந்தனர். “நீ பிறவி ஓட்டக்காரன்” என்று சொல்லி வளர்க்கப்பட்ட மாணவன், முதல் தோல்வியிலேயே தான் அப்படிப்பட்டவன் அல்லன் என்று முடிவு செய்துவிடுவான். “இன்று கடைசி ஐம்பது மீட்டரில் தோள்களைத் தளர்த்தி ஓடினாய்” என்று சொல்லப்பட்டவனுக்கோ நாளைக்குச் செய்யவேண்டியது தெரிகிறது.

பெற்றோருக்கும் இதனை எடுத்துரைத்தல் வேண்டும். ஸ்ரீஜேஷுக்குக் காப்புக் கருவிகள் வாங்குவதற்காக அவர் தந்தை பசுவை விற்றார் என்பது அவரே கூறியுள்ள செய்தி. இத்தகைய தியாகம் குழந்தைக்குப் பெரும் பலமாகும். ஆனால், “உனக்காக இவ்வளவு செலவழித்தோமே” என்று ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் நினைவூட்டினால் அதுவே தாங்கவொண்ணாச் சுமையாகிவிடும். போட்டியிலிருந்து வீடு திரும்பும் குழந்தையிடம், வென்றாயா என்று வினவுமுன், சாப்பிட்டாயா என்று வினவும் தாய் அக்குழந்தையின் மனோதிடத்துக்கு நல்ல உரமிடுகிறாள்.

எல்லையை அறிதல்

மனோதிடம் என்பது எதையும் வாய் திறவாது சகித்துக்கொள்வது என்று தவறாகப் பொருள் கொள்ளப்படுவதுண்டு. இத்தவறு உயிரையே வாங்கக்கூடியது. 2015 மே மாதத்தில் ஆலப்புழையிலுள்ள நீர் விளையாட்டுப் பயிற்சி மையத்தில் பயின்றுவந்த இளம் வீராங்கனைகள் நால்வர் தம் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றனர், ஒருவர் இறந்தார். வீட்டை விட்டு விடுதியில் தங்கிப் பயிலும் குழந்தைகளின் மனத்துயரை நாள்தோறும் கேட்டறிய ஒருவர் இருக்கவேண்டும் என்பதை இத்துயர நிகழ்ச்சி நாடு முழுவதற்கும் உணர்த்தியது.

உலகின் தலைசிறந்த ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ், 2021 ஜூலையில் டோக்கியோவில் அணி இறுதிப் போட்டியின் நடுவே விலகினார். அந்தரத்தில் சுழலும்போது தம் உடல் இருக்கும் நிலையை உணர இயலாமற் போனதே காரணம். அந்நிலையில் தொடர்ந்திருந்தால் கழுத்தெலும்பே முறிந்திருக்கலாம். விலகி, சிகிச்சையும் ஓய்வும் பெற்று, 2024-ஆம் ஆண்டில் பாரிஸில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். மனத்தின் காயத்தையும் எலும்பு முறிவைப் போலவே கருதவேண்டும். முறிந்த காலுடன் ஓடும்படி எந்த ஆசிரியரும் சொல்வதில்லை.

தூக்கம் கெடுதல், பசியின்மை, நண்பர்களிடமிருந்து ஒதுங்குதல், விரும்பி ஆடிய ஆட்டத்தில் வெறுப்பு, காரணமற்ற அழுகை, சாவைப் பற்றிய பேச்சு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் மருத்துவ உதவியை நாடவேண்டும். சாவைப் பற்றிய பேச்சு மட்டும் ஒரு நாளும் காத்திராமல் கவனிக்கத்தக்கது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவிச் சேவையை 14416 என்ற தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி அணுகலாம். குழந்தைக்குத் தீங்கு நேர்கிறது என்று தெரிந்தால் 1098 என்ற எண் உண்டு. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததென அறிந்தவர் அதை அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயமாகும். குற்றம் செய்தவர் பதக்கங்கள் பல பெற்றுத் தந்த பயிற்சியாளர் என்பதனால் இக்கடமை குறைந்துவிடாது.

களப்பணியாளர் தொடங்கும் முறை

வரும் பருவத்தில் இதனைத் தொடங்க விரும்பும் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் பெரிய திட்டம் வகுக்கவேண்டுவதில்லை. முதல் இரண்டு வாரங்கள் மூச்சுப் பயிற்சி மட்டும் போதும். மூன்றாம் வாரத்தில் ஒவ்வொரு மாணவரும் தமக்குரிய முன்னேற்பாட்டு வரிசையைத் தாமே தேர்ந்தெடுக்கட்டும். ஐந்தாம் வாரம் முதல் வாரத்துக்கு ஒரு நெருக்கடிப் பயிற்சியைச் சேர்க்கலாம். போட்டி முடிந்ததும் ஒவ்வொருவரும் மூன்று வரிகள் எழுதவேண்டும்: நன்றாகச் செய்தது என்ன, தவறியது என்ன, அடுத்த வாரம் பழகப்போவது என்ன. வென்றவரும் தோற்றவரும் இதே மூன்று வரிகளை எழுதுவதனால், வெற்றியும் தோல்வியும் பாடங்களே என்ற எண்ணம் உறுதிப்படும். வளரும் பிள்ளைகளுக்கு இரவில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் தவறாமல் கூறவேண்டும்; தூக்கம் குறைந்த மனத்திற்கு எப்பயிற்சியும் ஒட்டாது.

இப்பழக்கங்களைக் கற்கும் மாணவர்களுள் மிகச் சிலரே ஒலிம்பிக் மைதானத்தை எட்டுவர். மற்றவர்கள் தேர்வு மண்டபத்திலும், வேலைக்கான நேர்காணலிலும், குடும்பத்தில் துன்பம் வரும் வேளையிலும் இவற்றைப் பயன்படுத்துவர். ஆகையால் முதற் பரிசு பெறும் மாணவருக்கு அளிக்கும் அதே கவனத்தை, கடைசியாக ஓடி முடிக்கும் மாணவருக்கும் நாம் அளித்தல் வேண்டும்.